பொன்னாங்காணி என்று நினைத்து எதை வளர்க்கிறோம்?



சென்ற வாரம் நமது மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கால்வாய் ஓரம் முழுக்கப் பச்சைப் பசேலென்று ஒரு செடி. "முகுனுவென்ன சும்மா கிடக்குது, வேண்டியவங்க வெட்டிக்கொண்டு போங்க" என்று எழுதியிருந்தார்கள். நன்றி மேல் நன்றி குவிந்தது. இரண்டு பேர் வீட்டில் நடுவதற்குத் தண்டும் கேட்டார்கள். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் எவருமில்லை. அது பொன்னாங்காணியே இல்லை.

அது அலிகேட்டர் வீட். தென் அமெரிக்காவின் ஆற்றோரங்களில் பிறந்த செடி. பொன்னாங்காணிக்கு நெருங்கிய உறவு என்பதால் இலையும் தண்டும் ஏமாற்றும். பூ ஏமாற்றாது. பொன்னாங்காணியின் பூ இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள மூலையில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் தாவரவியல் பெயரிலுள்ள 'செசிலிஸ்' என்ற சொல்லுக்கே காம்பற்றது என்றுதான் பொருள். மற்றதன் பூவோ சில சென்டிமீட்டர் நீளக் காம்பின் நுனியில், காய்ந்த கடதாசி போன்ற வெள்ளை உருண்டையாக நிற்கும். பூவுக்குக் காம்பு இருந்தால் அது பொன்னாங்காணி அல்ல. தண்டு உள்ளே குழாய்போல வெறுமையாக இருப்பதும் ஓர் அடையாளம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

"ரெண்டும் கீரைதானே சேர், சாப்பிட்டா என்ன?" என்று கேட்கிறார்கள். சாப்பிடுவதைவிட, ஆய்ந்துவிட்டு எறியும் தண்டுதான் பெரிய பிரச்சினை. இந்தச் செடிக்கு விதை தேவையில்லை. ஒரு கணு தண்ணீரில் விழுந்தால் போதும், வேர்விட்டுவிடும். பிறகு பாய்போல நீரின் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும், ஓட்டத்தைத் தடுக்கும், நுளம்புக்கு வீடு கொடுக்கும். கங்குன், கொகில, வல்லாரை எல்லாம் ஒதுங்கிப்போகும். கடைசியில் அசல் பொன்னாங்காணிக்கே இடமிருக்காது. கழிவு நீர் ஓடும் கால்வாயில் வளரும் எந்தக் கீரையும் அந்த நீரிலுள்ள உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும். அதைக் கழுவி எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறோம்.

2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் கிடந்த கிடையை நாம் மறக்கவில்லை. களனி கங்கை பெருகியதற்கு ஒரு செடியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வந்த தண்ணீர் வடிந்துபோகக் கால்வாய் திறந்திருக்க வேண்டும். 2018 இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரம் என்று சர்வதேச அங்கீகாரம் பெற்றது. அந்த ஈரநிலத்தின் ஓரத்தில் குடியிருக்கும் நாமோ அதில் எது வளர்கிறது என்றே தெரியாமல் இருக்கிறோம்.

இன்னொரு கருத்தும் வந்தது: "செடியிலுமா அந்நியன், சொந்தக்காரன்?" இந்த நாட்டில் நம்மைப் பார்த்து அந்நியன் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தச் சொல் நமக்கு வலிக்கும். அதனால்தான் தெளிவாகச் சொல்கிறோம். மிளகாயும் பப்பாசியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். அவை மற்றவற்றோடு சேர்ந்து வளர்கின்றன. தூரத்திலிருந்து வந்தது குற்றமே இல்லை. பக்கத்தில் யாரையும் வாழவிடாததுதான் குற்றம்.

1990களில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் இதே தவறு நடந்தது. அங்கு குடியேறிய நம் நாட்டவர்கள் இதைத்தான் முகுனுவென்ன என்று வீட்டுத் தோட்டங்களில் வளர்த்து வந்தார்கள். அதிகாரிகள் வீடு வீடாகப் போய் விளக்கினார்கள். பதிலாக வளர்க்க அந்த நாட்டுக்கே உரிய வேறொரு இனத்தைக் கொடுத்தார்கள். அங்கே அப்படிக் கவனித்தார்கள். இங்கே நாம் தண்டைப் பங்குபோட்டுக் கொடுக்கிறோம்!

பிழை எங்களிடமும் இருக்கிறது. ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பெயர்களை வரிசையாக எழுதினால் பிள்ளைக்குப் புள்ளி போடுகிறோம். பாடசாலை மதிலுக்குப் பின்னால் நிற்பதைக் காட்டிக் கொடுத்ததில்லை. போன சிரமதானத்தில் நாங்களே புல்வெட்டும் இயந்திரத்தால் அதை வெட்டித் தள்ளி, படமெடுத்துப் போட்டோம். வெட்டிய ஒவ்வொரு துண்டும் கால்வாயோடு போய் எங்கோ வேர்விட்டிருக்கும். அது சுத்தம் செய்ததல்ல, நாற்று நட்டது.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு நடக்கும் சிரமதானத்துக்கு மூன்றே வேண்டுகோள்:

முதலில் பூவைப் பாருங்கள். காம்பில்லாததைத் தொடாதீர்கள்.

காம்புள்ளதை இயந்திரத்தால் வெட்டாதீர்கள். வேரோடு கையால் பிடுங்குங்கள். ஒரு துண்டும் தண்ணீரில் விழக் கூடாது.

பிடுங்கியதைப் பொலித்தீன் விரிப்பில் போட்டு, சருகாகும்வரை வெயிலில் காயவிடுங்கள். பச்சையாகக் குப்பையிலோ பசளைக் குழியிலோ போடாதீர்கள்.

ஒரே நாளில் தீராது. நிலத்தில் ஆழமாக இறங்கிய வேர் மறுபடி துளிர்க்கும், மறுபடி போக வேண்டும். சந்தேகமிருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

வீட்டில் தண்டு நட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம். பூத்ததும் ஒரு படமெடுத்து இங்கே போடுங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.