“வரம்புக்குள்ளதான் இருக்கு”ன்னா, யாரு போட்ட வரம்புங்க அது?

கணபதி, ஆவாரம்பாளையம் மக்களே! கொங்கு மண்ணின் சொந்தங்களே!

காத்தைப் பத்திக் கேட்டாலும் தண்ணியைப் பத்திக் கேட்டாலும் அதிகாரிகளிடம் ஒரே பதில்தான்: “அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது.”

நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகள் பி.எம். 2.5-க்கு ஒன்றிய அரசு 2009-ல் போட்ட வரம்பு, ஆண்டு சராசரி 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது வெறும் 5. எட்டு மடங்கு வித்தியாசம்! இங்க 39 இருந்தாலும் அறிக்கையில பாஸ். ஜெனிவாக்காரன் நெஞ்சு வேற, கணபதிக்காரன் நெஞ்சு வேறயாங்க?

குரோமியத்தைப் பாருங்க. முலாம் பூசும் பட்டறைகளில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 1990-லேயே உறுதி செய்துவிட்டது. குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக்கூடாது. ஆனால் ஆலைக் கழிவுநீரில் 2 மில்லிகிராம் வரை விடலாமாம். நாற்பது மடங்கு! பள்ளத்துல போற தண்ணி நிலத்தடிக்கு இறங்காதா?

இன்னொரு கூத்து. குடிநீர் வரம்புக் கணக்கில் வழக்கமா எடுப்பது 60 கிலோ எடையுள்ள, தினம் 2 லிட்டர் குடிக்கும் ஆள். 10 கிலோ குழந்தை 1 லிட்டர் குடிச்சா, கிலோவுக்கு மூணு மடங்கு உள்ளே போகுது. அதுவும் ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனிக் கணக்கு. வார்ப்படப் பட்டறைத் தொழிலாளி சிலிக்கா தூசி, உலைப்புகை, டீசல் புகை எல்லாத்தையும் ஒரே மூச்சிலதானே இழுக்கிறார்? பவுண்டரி வேலையே புற்றுநோய் அபாயம் என்று 1987-ல் அந்த முகமை வகைப்படுத்தியது. இங்கே எத்தனை பேருக்கு வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுக்கிறாங்க?

பட்டறையை மூடுன்னு நாம சொல்லலை. பம்புசெட்டு உதிரிபாகத்தை நம்பிப் பிழைக்கிற சின்ன முதலாளி தனியா சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. அதைப் பொதுவா கட்டித் தர வேண்டியது அரசு.

ஒரத்துப்பாளையம் மறந்து போச்சா? பாசனத்துக்குன்னு 1992-ல் கட்டின அணை, திருப்பூர் சாயக்கழிவுத் தொட்டியாச்சு. தண்ணியைத் தேக்காதீங்கன்னு விவசாயியே கெஞ்சினான். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். அதுவரைக்கும் அளந்தவங்க என்ன அளந்தாங்க?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நம் கோரிக்கை: கணபதியின் ஆழ்குழாய்க் கிணறுகளையும் சங்கனூர் பள்ளத்தையும் மக்கள் முன்னாடி சோதிங்க. முடிவைத் தமிழில், வார்டு வாரியா ஒட்டுங்க. “வரம்புக்குள்”னு எழுதாதீங்க, எண்ணை எழுதுங்க!

#எண்ணைச்சொல் #கணபதி #கோவை