எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? சிகிச்சையும் வயல் தண்ணீரும் குறித்த எமது நிலைப்பாடு

ஜேர்மனியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மருத்துவத் தகவல்களை எடுத்துச் சொல்லும் தன்னார்வ அமைப்பு நாம். எமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு சிகிச்சையைப் பற்றியோ, மரக்கறிக்குப் பாய்ச்சும் தண்ணீரைப் பற்றியோ "ஆபத்து இரண்டு மடங்கு" என்றோ "ஆபத்தே இல்லை" என்றோ சொல்லிவிட்டு நகர்வதைத் தகவல் என்று நாம் ஏற்கமாட்டோம். எத்தனை பேரில், எவ்வளவு காலத்தில், எதோடு ஒப்பிட்டு என்ற மூன்றும் சேர்ந்தே வரவேண்டும். வைத்தியருக்கும் அரச அலுவலகத்துக்கும் ஊடகத்துக்கும் இது பொருந்தும்; எமக்கும் பொருந்தும்.

2011 மே மாதம் வட ஜேர்மனியில், குறிப்பாக ஹம்பேர்க்கில், இரத்தம் கலந்த வயிற்றோட்டத்தோடு வந்தவர்களால் வைத்தியசாலைகள் நிறைந்தன. காரணம் ஏஹெக் என்று இங்கு எல்லோரும் சொல்லும் கிருமி. மே 26 அன்று ஹம்பேர்க் சுகாதாரத் துறை ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயில் ஏஹெக் இருப்பதாக அறிவித்தது. கிருமி இருந்தது உண்மைதான். ஆனால் ஆட்களை நோயில் தள்ளியது அந்த வகைக் கிருமி அல்ல என்பது மே 31 அன்று தெரியவந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போயிருந்தது. மரக்கறி விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 210 மில்லியன் யூரோ நட்டஈடு ஒதுக்க நேர்ந்தது. ஜூன் 10 அன்று ரொபேர்ட் கொக் நிறுவனமும் மற்ற அரச நிறுவனங்களும் முளைகட்டிய விதைகளே காரணம் என்றன. எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயத்தை நோக்கியே தடயங்கள் போயின. 2,987 பேருக்கு வயிற்றோட்டம், 855 பேருக்குச் சிறுநீரகத்தையே தாக்கும் கடுமையான நிலை, 53 மரணங்கள்.

வெந்தயம் என்றதும் எம் வீடுகளில் பலர் பதறினார்கள். பதறத் தேவையிருக்கவில்லை. தாளிக்கும் எண்ணெயின் சூட்டிலும் குழம்பின் கொதியிலும் இந்தக் கிருமி பிழைக்காது. முளைகட்டுவதற்கு வேண்டிய இளஞ்சூடும் ஈரமும்தான் கிருமி பெருகவும் வசதியானவை. அந்த முளையை வேகவைக்காமல் சாப்பிடும்போதுதான் ஆபத்து. ஒரே விதை, ஒரே கிருமி. சமைக்கும் முறையில்தான் எல்லாம் மாறுகிறது. இந்த இரண்டு வரியை அன்று தமிழில் யாராவது சொல்லியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

அதே நோய்ப்பரவல் சிகிச்சையைப் பற்றியும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. அந்த மே மாதத்தில்தான் எக்குலிசுமாப் என்ற விலை உயர்ந்த மருந்தால் மூன்று குழந்தைகள் தேறியதாக ஒரு மருத்துவ இதழில் கடிதம் வந்தது. ஜேர்மன் வைத்தியசாலைகள் அதை நூற்றுக்கணக்கானோருக்குக் கொடுத்தன. பலர் தேறினார்கள், மருந்து காப்பாற்றியது என்ற பேச்சும் பரவியது. பின்னர், மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு 2012 இல் வெளிவந்த ஆய்வில் தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை. வைத்தியர்களை நாம் குறை சொல்லவில்லை. அந்த நெருக்கடியில் எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் "கொடுத்தோம், தேறினார்" என்பது சான்று ஆகாது. ஊரிலிருந்து வரும் மூலிகைப் பொடிகளுக்கும் இதே அளவுகோல்தான் என்பதை எம்மவருக்கும் சொல்லிவைக்கிறோம்.

எண்களை எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம்: மார்பகப் பரிசோதனைக்கான அழைப்புக் கடிதம் 50 வயதானதும் பெண்களுக்கு வருகிறது. 2024 ஜூலையிலிருந்து வயதெல்லை 69 இலிருந்து 75 ஆக உயர்ந்திருக்கிறது. பரிசோதனை மார்பகப் புற்றுநோய் மரணத்தை 20 வீதம் குறைக்கும் என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். அதையே பொட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஹார்டிங் மையம் இப்படி எழுதுகிறது: 50 வயதைக் கடந்த 1,000 பெண்கள் சுமார் 11 ஆண்டுகள் பரிசோதிக்காமல் இருந்தால் 5 பேர் மார்பகப் புற்றுநோயால் இறப்பார்கள், பரிசோதித்தால் 4 பேர். பரிசோதித்தவர்களில் சுமார் 100 பேருக்குப் பொய் எச்சரிக்கை வரும், 5 பேருக்குத் தேவையற்ற சிகிச்சை நடக்கும். போவதா வேண்டாமா என்று நாம் சொல்லமாட்டோம். அந்த ஒருவர் நானாக இருக்கலாம் என்று ஒரு பெண் போகலாம், அந்த நூறில் ஒருத்தியாக வேண்டாம் என்று இன்னொருத்தி மறுக்கலாம். இரண்டும் நியாயமான முடிவுகள். எண்களைக் காட்டாமல் இரண்டில் ஒன்றுக்குத் தள்ளுவதைத்தான் எதிர்க்கிறோம்.

இனித் தண்ணீர். பிறவுண்ஷ்வைக் நகரின் சுத்திகரித்த கழிவுநீர் பல பத்தாண்டுகளாக அயல் வயல்களுக்குப் பாய்கிறது. தானியமும் சர்க்கரைக் கிழங்கும் அங்கே விளைகின்றன. கோடைகள் வறண்டு வருவதால் இது இன்னும் பல இடங்களுக்குப் பரவும். நாம் இதை எதிர்க்கவில்லை. 2023 ஜூன் 26 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய விதி, பச்சையாக உண்ணும், தண்ணீர் நேரடியாகப் படும் பயிர்களுக்கு 100 மில்லிலீற்றரில் 10 ஈகோலைக் கிருமிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. கிருமிக்கு இது கடுமையான அளவுதான். ஆனால் தண்ணீரில் தங்கும் மருந்து எச்சங்களுக்கு அந்த விதியில் எண் எதுவும் இல்லை. எண் வேண்டும் என்பது எமது கோரிக்கை.

பயமுறுத்தவும் நாம் விரும்பவில்லை. முழங்கால் வலிக்குப் பூசும் டிக்லோஃபெனாக் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு 50 மில்லிகிராம் குளிசையின் அளவு உடலில் சேர, நாளுக்கு இரண்டு லீற்றர் வீதம் ஏறக்குறைய 68 ஆண்டுகள் குடிக்கவேண்டும். மீனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு லீற்றரில் சில மைக்ரோகிராமே அதன் சிறுநீரகத்தையும் செவுளையும் பாதிக்கிறது. இந்தியாவில் மாட்டுக்குப் போட்ட இதே மருந்துதான் பாறுக் கழுகுகளை அழித்தது. 2006 இல் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. ஆகவே யாருக்கு ஆபத்து என்ற கேள்வியும் மேலே சொன்ன மூன்றோடு சேரவேண்டும். 2025 இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியக் கழிவுநீர் நெறிமுறை, கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 வீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் ஏற்கவேண்டும் என்கிறது. நிறுவனங்கள் இதை எதிர்த்து 2025 இல் நீதிமன்றம் சென்றன; நாம் நெறிமுறையை ஆதரிக்கிறோம். எம் வீட்டுப் பெரியவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: ஜெல் பூசிய கையை உடனே கழுவாமல், முதலில் காகிதத்தால் துடைத்து அதைக் குப்பையில் போடுங்கள், பிறகு கழுவுங்கள்.

சிறுதோட்டம் வைத்திருப்போருக்கு ஒரு தனி வார்த்தை. மிளகாயும் கத்தரியும் வளர்க்கும் அந்தத் துண்டு நிலத்தில் கிணற்றுத் தண்ணீர் இருந்தால், அதைக் காய்ச்சி ஆறவைத்துக் குழந்தையின் பாலுக்கு எடுக்கும் பழக்கம் எம்மிடம் உண்டு. உரமும் சாணிக்கரைசலும் நிலத்தடி நீரில் சேர்க்கும் நைத்திரேற்றைக் காய்ச்சுவது நீக்காது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பு கைக்குழந்தைகளை மனதில் வைத்தே வகுக்கப்பட்டது. குழாய்த் தண்ணீரை நீர் வழங்கும் நிறுவனம் சோதிக்கிறது, தனியார் கிணற்றுக்கு உரியவரே பொறுப்பு. குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரையே எடுங்கள்.

அரசிடம் எமது முதன்மைக் கோரிக்கை மொழிபெயர்ப்பு. 2013 இலிருந்து சட்டப்படி, சிகிச்சைக்கு முன் வைத்தியர் நோயாளிக்குப் புரியும்படி வாயால் விளக்கவேண்டும். ஆனால் மொழிபெயர்ப்பாளரின் செலவைப் பொதுவாகக் காப்புறுதி ஏற்பதில்லை. இதைக் காப்புறுதியில் சேர்ப்பதாக ஆட்சியமைத்த கட்சிகள் 2021 கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதின. 2024 நவம்பரில் அந்தக் கூட்டணி உடைந்தபோதும் அது சட்டமாகியிருக்கவில்லை. விளைவு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாடசாலையை விட்டுவந்து தன் தாயின் கருப்பைச் சத்திரசிகிச்சையை மொழிபெயர்க்கிறது. ஆயிரத்தில் எத்தனை பேர் என்ற கணக்கை எந்தப் பிள்ளையிடம் கேட்பது? செலவைக் காப்புறுதி ஏற்கும்வரை, 18 வயதுக்குட்பட்டவர்களைச் சத்திரசிகிச்சை விளக்கங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக ஏற்கவேண்டாம் என்று வைத்தியசாலைகளைக் கேட்கிறோம். எமது தன்னார்வலர்கள் தொலைபேசியில் அந்த இடத்தை நிரப்புவார்கள். எமது துண்டுப்பிரசுரங்களிலும் இனி வீதக் கணக்கு தனியாக வராது.