கல் சொல்வதும் நாம் சொல்ல வைப்பதும்

நம் நசரத்பேட்டைக்குத் தென்கிழக்கே பல்லாவரமும், வடமேற்கே கொற்றலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கமும் உள்ளன. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் பூட், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே வில்லியம் கிங் என்பாருடன் சென்று அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு நம் வட்டாரத்து மண்ணில் தோன்றியது என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும்.

எனினும், கைக்கோடரி என்றவுடன் நம் மனக்கண்முன் விரியும் காட்சி யாது? மறைந்துபோன பேருருவ யானையொன்றை மனிதர் பலர் சூழ்ந்து நின்று கல்லாயுதத்தால் வீழ்த்தும் காட்சியே அன்றோ! பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் நாம் கண்டு பழகிய ஓவியம் அது. அவ்வோவியத்திற்குக் கல் சான்று தருகின்றதா என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா.

கைக்கோடரி தன்னளவில் சொல்வன சிலவே. மனிதக் கை அதனைச் செதுக்கியது; செதுக்கியவர் கல்லின் தன்மையை அறிந்திருந்தார்; அதன் விளிம்பு வெட்டவும் கிழிக்கவும் உதவும். இவ்வளவே. வெட்டியது விலங்கையா, மரத்தையா, கிழங்கையா? விலங்கே எனினும், அதனைக் கொன்றவர் மனிதரா, அன்றி நோயுற்று வீழ்ந்ததன்மீது மனிதர் கை வைத்தனரா? கல் மட்டும் இதற்கு விடை கூறாது.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலியோர் அகழாய்வு நிகழ்த்தினர். அங்குள்ள கருவிகளின் தொன்மை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்னும் முடிவு 2011இல் வெளியாயிற்று. கருவிகளோ ஆயிரக்கணக்கில் கிடைத்தன. விலங்கின் எச்சங்களோ எருமை, குதிரை, நீலான் போன்றவற்றின் பற்கள் சிலவும் குளம்புத் தடங்களுமே. பல்லும் கோடரியும் ஓரிடத்தில் கிடப்பதனாலேயே எருமையைக் கோடரி கொன்றது எனத் தீர்ப்பளித்தல் முறையாகுமா? வெள்ளமும் இரண்டையும் ஓரிடம் சேர்க்க வல்லதன்றோ?

காசுமீரத்துப் பாம்பூர் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. இன்று பூண்டற்றுப்போன பெருயானை இனத்தின் எலும்புகள் அங்கு 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. அவற்றுடன் 87 கற்கருவிகளும் கிடைத்தன. காலம் 3 முதல் 4 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. எலும்பை மனிதர் அடித்துடைத்து மச்சையை எடுத்துள்ளனர் என 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயின், அவர்களே யானையை வேட்டையாடினர் என்று அவ்வாய்வாளர் கூறவில்லை. அதற்கு நேரடிச் சான்றில்லை என்றே எழுதினர்.

வேட்டைக்குச் சான்று எங்குமே இல்லையோ எனின், உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து நாகோ என்னும் ஊரில், 1952இல் மாமூத் யானையின் எலும்புக்கூட்டினிடையே கல் ஈட்டிமுனைகள் எட்டுக் கிடைத்தன. செருமனியின் லேரிங்கனில், 1948இல் தொல்யானையின் விலா எலும்புகளினிடையே மர ஈட்டியொன்று காணப்பட்டது. இங்கெல்லாம் சான்றாக நிற்பது ஆயுதம் மட்டுமன்று. ஆயுதமும் எலும்பும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்த கிடையே ஆகும்.

நபிமொழித் தொகுப்பாளர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தனர். தொடர் அறுந்தால், செய்தி எத்துணை இனியதாயினும் அதன் வலிமை குன்றும். கற்கருவிக்கு அது கிடந்த மண்ணடுக்கே அறிவிப்பாளர் தொடர். மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட கல் அழகிய பொருளாகலாம், முழுச் சான்றாகாது.

தமிழ்த்துறையினராகிய நாம் மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். 15 இலட்சம் ஆண்டுகளைக் காட்டித் தமிழினத்தின் தொன்மையை மேடைதோறும் முழங்குவோர் உளர். அக்கருவிகளைச் செய்தோர் நம் மனித இனம் தோன்றுவதற்கும் மிக முற்பட்டோர். அவர்தம் மொழியைப் பற்றிக் கல் யாதொன்றும் சொல்லாது. தமிழின் பெருமைக்கு இலக்கியமும் கல்வெட்டும் போதிய சான்றாக இருக்க, சொல்லாத கல்லைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவானேன்?

நம் கவலைக்குரியது வேறு. புறநகரெங்கும் மனைப்பிரிவுகள் பெருகுகின்றன. பள்ளம் நிரப்பச் சரளையும் செம்மண்ணும் லாரி லாரியாகப் பெயர்க்கப்படுகின்றன. பூட் கண்டெடுத்த முதற்கருவி கிடந்ததும் இத்தகைய சரளையிலேதான். லாரியில் ஏறும்போது கல் அழிவதில்லை. அதன் சான்றே அழிகின்றது. நாளை ஓர் எலும்பும் ஒரு கருவியும் ஒட்டிக் கிடந்து இவ்வினாவிற்கு விடை கூறக்கூடும் எனின், அவ்விடை கலையாத மண்ணில்தான் இருத்தல் வேண்டும்.

ஆதலின் மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தைச் சென்று காணுங்கள். கருவியை இனங்காணப் பழகுங்கள். நிலத்தில் அத்தகைய கல்லைக் காணின் எடுத்து வாராதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கு அறிவியுங்கள். அலமாரியில் ஒரு கல் கூடுவதைவிட, கல் தன் மண்ணிலேயே இருந்து தன் சொல்லை முழுமையாகச் சொல்வதே சிறப்பு.