சுண்ணாம்புத் தெளிவும் திருக்கோணமலைக் கடலும்

வெற்றிலைத் தட்டம் உள்ள இல்லங்களிலெல்லாம் சுண்ணாம்பும் இருக்கும். அதிற் சிறிதளவை ஒரு குவளை நீரிற் கலக்கி, இரவு முழுதும் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் வடித்தெடுத்து, அதனோடு அதேயளவு நல்ல நீரையும் சேர்த்துக்கொள்வோமாக. பின்னர் ஒரு பப்பாசிக் குழலால் அதனுள் மெல்ல ஊதினால் தெளிந்த நீர் பாலென வெளுக்கும். (நீரை உறிஞ்சலாகாது, அது கண்ணிலும் படலாகாது.) இதனை மாணாக்கர் பலரும் அறிவர், ஆயின் அத்துடன் நிறுத்திவிடுவர். நிறுத்தாது நெடுநேரம் ஊதினால் வெளுத்த நீர் மீண்டும் தெளியும். இந்த இரண்டாவது தெளிவிலேதான் நமது கடலின் இன்றைய கவலையொன்று அடங்கியிருக்கின்றது.

நமது மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு நீரிற் கரைந்து காபோனிக்கமிலம் ஆகின்றது. சுண்ணாம்போ காரம். இவ்விரண்டும் கூடும்போது கல்சியங் காபனேற்று என்னும் வெண்பொடி பிறக்கின்றது. அமிலம் மேன்மேலும் வந்து சேருங்கால், அக்காபனேற்று ஐதரசன் அயனை ஏற்று இருகாபனேற்றாக மாறிக் கரைந்துபோகின்றது. முன்னர்க் கட்டிய பொருளே பின்னர் அவிழ்த்தும் விடுகின்றது.

திருக்கோணமலைத் துறைமுகத்தின் நீரிலும், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவைச் சூழ்ந்த நீரிலும் இதே கணக்கு நடைபெறுகின்றது. கடலிற் கரைந்துள்ள இக்காபன் வகைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு இருகாபனேற்று. 10 பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காபனேற்று. கரைந்த வாயுவோ 1 பங்களவே. இம்மூன்றும் ஒன்று மற்றொன்றாக ஓயாது மாறிக்கொண்டே, தத்தம் அளவிற் குன்றாது நிற்பதைச் சமநிலை என்பர். அதனைக் குலைப்பின், அக்குலைவைத் தணிக்கும் திசையிலே அது நகரும் என்று பிரெஞ்சு அறிஞர் லெ சத்தலியே 1884ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

அக்குலைவு இன்று காற்றிலிருந்து வருகின்றது. ஆலைகள் பெருகுமுன் காற்றிலே பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420ஐக் கடந்துவிட்டது. மனிதர் வெளியிடும் அவ்வாயுவில் ஏறத்தாழ நாலிலொரு பங்கைக் கடல் உட்கொள்கின்றது. 1909இல் தென்மார்க்கு அறிஞர் சோரென்சன் வகுத்த பீஎச் அளவுகோலின்படி, உலகக் கடல் மேற்பரப்பின் சராசரி 8.2இலிருந்து 8.1 அளவுக்கு இறங்கியுள்ளது. பத்திலொன்றுதானே என்று இகழற்க. அவ்வளவுகோலில் ஒரு படி இறங்கினால் ஐதரசன் அயன்கள் பத்து மடங்காகும், 0.1 இறங்கினாலே ஏறத்தாழ நாலிலொரு பங்கு கூடிவிடும். கடல் புளித்துவிடவில்லை, 7க்கு மேலே நிற்பதால் அது இன்னும் காரத்தன்மை உடையதே. அமிலத்தின் பக்கமாக அது நகர்கின்றது என்பதே செய்தி.

நம்மிடம் மாணாக்கர் கேட்கும் வினா ஒன்றுண்டு: “காபனீரொட்சைட்டு மிகுந்தால் காபனேற்றும் மிகுமன்றோ? முருகைக்கு அது நன்மையன்றோ?” நல்ல வினாவே, ஆயின் விடை நேர்மாறானது. புதிதாக வரும் வாயு, உள்ள காபனேற்றையும் பற்றி இருகாபனேற்றாக்கிவிடுகின்றது. முருகை உயிர்களும், சங்கும் சிப்பியும் தம் வீட்டைக் கட்டும் கல்லோ கல்சியங் காபனேற்று. குவளையிற் போல முருகைப் பார் இன்றே கரைந்துவிடாது. நமது மேற்கடல் நீரில் அதற்கு வேண்டிய காபனேற்று இன்னும் உண்டு. எனினும், கல் அருகினால் கொத்தனின் வேலை மந்தமாவது போல, அவ்வுயிர்களின் கட்டுமானமும் தளரும்.

முருகைப் பார் அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண், மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில். கரையில் வலை இழுக்கும் குடும்பங்களின் அடுப்பு அதனை நம்பியே எரிகின்றது. புறாத்தீவு 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. முருகையை உடைக்கும் கையைச் சட்டம் தடுக்கலாம்; காற்றிற் கலந்து வரும் வாயுவுக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. அதற்கு வேலி, புகை எழும் இடத்திலேதான் போடப்படல் வேண்டும். அப்புகையில் நமது பங்கு சிறிதாயினும், அதனால் விளையும் இழப்பில் நமது பங்கு சிறிதன்று என்பதை இளைஞர் உணர்வாராக.