வாய்மொழித் திறன்: ஏ கிரேடு

கொஞ்சம் நீளமான த்ரெட். ஸ்கூல் போற பிள்ளைங்க வீட்டுல இருந்தா கடைசி வரைக்கும் படிங்க. ஆசிரியர்கள் யாராவது திட்டுறதா இருந்தாலும் முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

ஓபியில் ஒரு அம்மா, மூன்றாம் வகுப்புப் பையனோடு வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) "பாடத்துல கவனமே இல்ல, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்லி விட்டாங்க சார்." ஆதாரத்துக்கு மஞ்சப்பையில் போன வருஷத்து ரேங்க் கார்டு. பையன் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சீட்டு எழுதிக்கொண்டே குனிந்தபடி பெயர் கேட்டால் பதில் இல்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் டக்கென்று சொன்னான்.

இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன், கேட்புத்திறன் பரிசோதனையில் உறுதியானது. 'க்ளூ இயர்' என்போம். பெரும்பாலும் வலிக்காது, சீழ் வராது. அதனால் யாருக்கும் தெரியாது. கேட்கும் திறன் பொதுவாக 20 முதல் 30 டெசிபல் வரை குறையும். மின்விசிறி கடகடக்கும் வகுப்பில், பின்வரிசைப் பிள்ளைக்கு டீச்சர் பேசுவது வெறும் முணுமுணுப்பு. நிறைய பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் தானாகவே சரியாகிவிடும். இவனுக்கு, அம்மா சொல்வதை வைத்துப் பார்த்தால், ஒரு வருடத்துக்கு மேல்.

இப்போ அந்த ரேங்க் கார்டுக்கு வருவோம். 'வாய்மொழித் திறன்' என்று ஒரு கட்டம். முதல் பருவம் ஏ. இரண்டாம் பருவம் ஏ. மூன்றாம் பருவம் ஏ. கீழே குறிப்பு: "அமைதியான மாணவன்."

அந்தக் கட்டம் காலியா இருந்திருந்தாக்கூட நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். காலியா இருந்தா யாராவது "ஏன் போடலை?"ன்னு கேட்டிருப்பாங்க. பொய்யா போட்ட ஏ கிரேடு அந்தக் கேள்வியையும் அடைச்சிடுச்சு.

தலையில் அடிபட்டு வருபவருக்கு நாங்கள் கிளாஸ்கோ கோமா ஸ்கேல் போடுவோம். 1974ல் வந்தது. அதில் பேச்சுக்கு மட்டும் 5 மதிப்பெண். கேட்டதற்குத் தெளிவான பதில் வந்தால் 5. குழப்பமாகப் பேசினால் 4. சம்பந்தமில்லாத வார்த்தைகள் 3. வெறும் முனகல் 2. சத்தமே இல்லை என்றால் 1. நைட் டூட்டி நர்ஸும் நானும் ஒரே நோயாளிக்கு ஒரே எண் போடும்படி ஒவ்வொரு எண்ணுக்கும் அர்த்தம் உண்டு. ஆனால் எங்களை ஓட வைப்பது அந்த எண் இல்லை. பத்து மணிக்கு 5, பதினோரு மணிக்கு 4. அந்த இறக்கம்தான் சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓட வைக்கும். சார்ட் என்பது அதற்குத்தான்.

'நன்று', 'மிக நன்று', 'ஏ', 'பி' - இவற்றுக்கு என்ன அர்த்தம்? எந்தப் பிள்ளை என்ன பேசியதற்கு ஏ?

இது இன்னிக்கு நேத்து கதை இல்லை. நான் ப்ளஸ் டூ படிக்கும்போது ஆங்கிலம் இரண்டாம் தாளில் கேட்டல், பேசுதலுக்குத் தனியாக 20 மதிப்பெண். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் முழுசு. யாரும் வாயைத் திறக்கவில்லை, யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை. நாங்களும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம். அடுத்த வருடம் எம்பிபிஎஸ் முதலாமாண்டு, உடற்கூறியல் வைவா. கையில் மேற்கை எலும்பைக் கொடுத்தார்கள். எந்தப் பக்கத்து எலும்பு, பின்னால் எந்த நரம்பு சுற்றிப் போகிறது, எல்லாம் தெரியும். ஒரு முழு வாக்கியம் வரவில்லை. தேர்வாளர் "படிக்காம வந்திருக்கான்" என்று எழுதிக்கொண்டார். அந்த 20 மதிப்பெண்ணின் விலை எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ஆசிரியர்களை மட்டும் சொல்லவில்லை. நாங்களும் அதே ஜாதிதான். எந்த அரசு மருத்துவமனை கேஸ் ஷீட்டையும் புரட்டுங்கள், மூச்சு எண்ணிக்கை எல்லாருக்கும் 18ஆ இருக்கும். ஒரு நிமிடம் நின்று எண்ண ஆள் இல்லை, கட்டத்தை நிரப்பு என்று மேலே இருந்து சொல்கிறார்கள், நிரப்புகிறோம். இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, எமிஸ் பதிவும் செய்துகொண்டு இருக்கும் ஆசிரியரிடம் இன்னொரு கட்டத்தைக் கொடுத்தால் அதுவும் 18 ஆகிவிடும்.

அதனால் கட்டம் வேண்டாம். மதிப்பெண்ணே வேண்டாம். பிள்ளைக்கு ஒரு பக்கம் போதும். ஜூனில் ஒரு படத்தைக் காட்டி "இதுல என்ன நடக்குது?" என்று கேளுங்கள். பிள்ளை சொன்னதை, சொன்ன மாதிரியே, தேதி போட்டு இரண்டு வரி எழுதுங்கள். திருத்தி எழுதக் கூடாது. அக்டோபரில் அதே மாதிரி இன்னொரு படம். மார்ச்சில் ஒன்று. பிள்ளைக்கு இரண்டு நிமிடம், முப்பது பேருக்கு ஒரு மணி நேரம், வருடத்துக்கு மூன்று முறை. ஜூனில் "நாய்... ஓடுது" என்றவள் மார்ச்சில் நாய் ஏன் ஓடுகிறது என்று சொல்கிறாளா? பக்கத்தில் இருப்பவளோடு ஒப்பிடவே தேவையில்லை.

வீட்டில் சௌராஷ்டிராவோ தெலுங்கோ பேசும் பிள்ளை, திருப்பூருக்கு வேலைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துப் பிள்ளை - இவர்களுக்கு வீட்டு மொழியில் எப்படிப் பேசுகிறான் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அங்கே சரளமாகப் பேசி இங்கே திணறினால், அவன் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். இரண்டிலும் திணறினால் முதலில் காதைப் பாருங்கள்.

அதைப் பார்க்க ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது. ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்தியா காரியகிரம், 2013ல் தொடங்கியது. அரசுப் பள்ளிகளுக்கு வருடம் ஒருமுறை மருத்துவக் குழு வரவேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் கேட்புக் குறைபாடும் உண்டு, மொழி வளர்ச்சித் தாமதமும் உண்டு. ஆனால் ஒரே நாளில் ஒரு பள்ளி முழுக்கப் பார்க்கும் டாக்டருக்கு, எந்தப் பிள்ளை பேசுவதில்லை என்று யார் சொல்வது? அந்த ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால் முப்பது பேரில் மூன்று பேரை நிறுத்திப் பார்ப்பார்.

தனியார் பள்ளிப் பெற்றோர் சிரிக்க வேண்டாம். 'ஸ்போக்கன் இங்கிலீஷ் ஏ ப்ளஸ்' என்பது பல இடங்களில் ஆண்டு விழாவுக்கு மனப்பாடம் செய்த நான்கு வரி. அடுத்த வரி என்னன்னு கேட்டுப் பாருங்க.

பையனுக்கு மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெரிதாக இருந்தது. எடுத்து, காதில் க்ரோமெட் வைத்திருக்கிறார்கள். மறுபரிசோதனைக்கு வந்தவன் "உங்க ஃபேன் ஏன் இப்படிக் கத்துது?" என்று கேட்டான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போறப்ப மார்க்கைப் பத்தி அப்புறம் பேசுங்க. முதல்ல டீச்சர்கிட்ட இதைக் கேளுங்க: "என் பிள்ளை இந்த மாசம் கிளாஸ்ல என்ன பேசினான்?"