பச்சை உடம்புக்குத் தண்ணீர் கொடுங்கள்

நம் டவுன்ஷிப்பில் வளைகாப்புக்குக் குறைவே இல்லை. கை நிறைய வளையல், ஐந்து வகைச் சோறு, பிறகு தாய் வீட்டுப் பயணம். அதுவரை எல்லார் கண்ணும் பெண் மேல்தான். குழந்தை பிறந்த மறுநாளே கண்கள் தொட்டிலுக்குப் போய்விடுகின்றன. பெற்றவளுக்கு மிஞ்சுவது பத்தியம்.

பத்தியம் முழுவதையும் நான் குறை சொல்லவில்லை. பூண்டுக் குழம்பும், கடலூர்ப் பக்கத்துப் பால்சுறாப் புட்டும் நல்ல சாப்பாடுதான். விலக்குகிற பட்டியல்தான் கொடுமை. கீரை கூடாது, பழம் கூடாது, தயிர் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடும் என்று இரண்டு மடக்கோடு நிறுத்துவது. சித்திரை வெயிலில் நமக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பால் கொடுப்பவள் என்ன ஆவாள்? பிரசவத்துக்குப் பின் வயிறு பெரிதாகத் தெரிவது தசை தளர்ந்திருப்பதால். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். தண்ணீருக்கு அதில் பங்கில்லை. குறைத்தால் வருவது மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்தான். என் மருமகள் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வைப்பது என் வேலையாக இருந்தது. சம்பந்தியம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கைப் பாருங்கள். கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கும் முதல் 6 மாதத்துக்கு 600. நாம் தலைகீழாகச் செய்கிறோம். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான்: பிரசவத்துக்கு முன் 180 நாள், பின்பும் 180 நாள் என்பது அரசுத் திட்டம். பிறந்த பிறகு அந்த அட்டை பிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது. விழுங்குகிறவர்களும் காபியோடு விழுங்குகிறார்கள். காபி, டீ சத்தை உடம்பில் ஏறவிடாது.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் மருத்துவச்சிக்குப் பெயர் 'சாஜ் ஃபாம்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அறிவுள்ள பெண்'. நம் வீட்டுக்கு வரும் சுகாதாரச் செவிலியரும் அப்படிப்பட்டவர்தான். அவர் பேசும்போது பாட்டிமார் குறுக்கே புகாமல் இருக்கலாம்.

அரசாங்கமே இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னால் போய்விட்டது. நான் விடுப்புக் கோப்பு பார்த்த காலத்தில் மகப்பேறு விடுப்பு 90 நாள். மாநில அரசு 2011-இல் அதை 6 மாதமாக்கி, 2016-இல் 9 மாதமாக்கி, 2021-இல் 12 மாதமாக்கியது. ஆனால் லீவில் இருக்கும் பெண்ணை இருபதாம் நாளே வீட்டு வேலைக்கு இழுக்கும் வீடுகளும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் தாய் மரணத்தைக் கணக்கிடும்போது பிரசவத்துக்குப் பின் 42 நாள் வரை சேர்த்துக்கொள்கிறது. ஆபத்து தொட்டில் வந்ததோடு முடிவதில்லை என்பதால்தான். உதிரப்போக்கு திடீரென அதிகமாவது, காய்ச்சல், துர்நாற்றம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கண் மங்கலோடு கடும் தலைவலி, வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காரணமில்லாமல் அழுதுகொண்டே இருக்கிறாள், குழந்தையைத் தொடவே மாட்டேன் என்கிறாள் என்றால் மந்திரிக்கிறவரைத் தேட வேண்டாம். அதற்கும் டாக்டர் இருக்கிறார். குணமாகிற நோய்தான் அது.