ஜீரோ வெச்சா போதுமா? என்னங்க கணக்கு இது!

உப்புத்தண்ணி மீன்தொட்டி வெச்சிருக்கற யாரைக் கேட்டாலும் ஒரே டயலாக்தான். "ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிட்டியா? ரெண்டு சொட்டு ஆர்.ஓ. தண்ணி விட்டு ஜீரோ வெச்சுக்க. அவ்ளோதான் மேட்டர்." கடைக்காரர் சொல்றார், யூட்யூப்ல சொல்றாங்க, ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுல பொட்டி தட்டுற நண்பனும் சொல்றான். நானும் ரெண்டு வருஷம் அப்படியேதான் பண்ணேன். அதனாலதான் இந்தக் கடுப்பு.

நம்ம தொட்டி ரொம்ப சாதாரணம். கொஞ்சம் பாறை, ஒரு ஜோடி கோமாளி மீன். (கல் பவளமெல்லாம் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது, ஆசைப்பட்டு மாட்டிக்காதீங்க.) அதுல கிளீனர் இறால் ரெண்டு விட்டேன். முதுகுல சிவப்பும் வெள்ளையுமா கோடு போட்டுக்கிட்டு, மீன் மேல ஏறி அழுக்கு எடுக்குமே, அதேதான். மறுநாள் காலையில ரெண்டும் கவுந்து கிடந்துச்சு. கடைக்காரர்கிட்ட சொன்னா, "இறால் வீக்கா இருந்திருக்கும் தம்பி"ன்னார். திரும்ப ரெண்டு வாங்கினேன். அதுவும் போச்சு. உப்பு? மீட்டர்ல கரெக்டா 35. ஜீரோவும் கரெக்ட். அப்போ தப்பு இறால் மேலதானே!

ஒரு ஞாயித்துக்கிழமை கோவத்துல உட்கார்ந்து யோசிச்சேன். பன்னிரண்டாங் கிளாஸ் கணக்கு போதும் இதுக்கு. y = mx + c. சுத்தத் தண்ணி விட்டு ஸ்க்ரூவைத் திருகினா c மட்டும்தான் சரியாகும். m சரியா இருக்குன்னு யார் சொன்னா? அளக்கப் போறது 35-ல, சரிபார்க்கறது 0-ல. நம்ம பாஷையில சொன்னா, நல் இன்புட் மட்டும் குடுத்து டெஸ்ட் பண்ணிட்டு ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பற கேஸ். அப்படி ஒருத்தன் கோட் அனுப்பினா கோட் ரிவ்யூல சும்மா விடுவோமா?

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. மலிவா கிடைக்கற பல ரிஃப்ராக்டோமீட்டர் கடல்தண்ணிக்குன்னு செஞ்சதே இல்ல, சாதா உப்புக்கரைசலுக்கு செஞ்சது. கடல்தண்ணியில சோடியம் குளோரைடு மட்டுமா இருக்கு? மக்னீசியம், சல்ஃபேட், கால்சியம் எல்லாம் இருக்கு, ஒளி வளையற அளவும் மாறும். ஆயிரத்துக்கு 35 இருக்கற நிஜக் கடல்தண்ணியை அந்த மாதிரிக் கருவி 36.5-னு காட்டும். ஜீரோ எவ்ளோ துல்லியமா வெச்சாலும் இந்த ஒன்றரை போகாது.

சரி, என்ன செய்யறது? 36.5 கிராம் உப்பு, 963.5 கிராம் சுத்தத் தண்ணி. அவ்ளோதான். இந்தக் கரைசல் ஒளியை வளைக்கற அளவு 35 கடல்தண்ணிக்கு சமம். கிச்சன் தராசு ஒரு கிராம்தான் காட்டும்னா அரை கிராம் முன்ன பின்ன போகும், அதாவது அளவுல கிட்டத்தட்ட அரைப் புள்ளி. நகைக்கடை மாதிரி 0.1 கிராம் காட்டற தராசு இருந்தா நிம்மதி.

கலக்கி, என் மீட்டர்ல ரெண்டு சொட்டு விட்டேன். 39!

அப்போ நான் 35-னு நம்பி ரெண்டு வருஷமா வெச்சிருந்த தண்ணி நிஜத்துல 31 சொச்சம். இறால் வந்த பையில இருந்ததோ கிட்டத்தட்ட 35. (அடுத்த தடவை அதையும் அளந்தேன்.) இருபது நிமிஷம் பையை மிதக்க விட்டு, பொத்துனு தொட்டியில கொட்டினது நான். கொன்னது நான். "வீக்"குன்னு பழி மட்டும் இறாலுக்கு.

உடனே ஒரு அண்ணாச்சி கெளம்புவார். "பத்து வருஷமா ஜீரோதான் வெக்கறேன், என் மீன் ஜம்முனுதானே இருக்கு?" இருக்கும் அண்ணாச்சி. கோமாளி மீன் 31-லயும் வாழும். தப்பான எண்ணா இருந்தாலும் ஆடாம இருந்தா அது பழகிக்கும். பிரச்சனை எப்போ வரும்னா, வேற தண்ணியில இருந்து புது உயிர் ஒண்ணு வரும்போது. இல்ல, பழைய மீட்டர் உடைஞ்சு புதுசு வாங்கற அன்னிக்கு.

"அப்போ பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரே தேவலையா?"ன்னு கேக்காதீங்க. அந்த முள்ளுல ஒரு காத்துக்குமிழி ஒட்டினா ஏத்திக் காட்டும், உப்பு படிஞ்சா இறக்கிக் காட்டும். கண்ணாடிக் குழாய் நல்லதுதான், ஆனா எந்த வெப்பநிலைக்கு செஞ்சதுன்னு அதுலயே எழுதியிருக்கறதைப் படிக்கணும். 15.6 டிகிரிக்குச் செஞ்சதை 28 டிகிரி தண்ணியில விட்டா 0.003 கிட்ட கம்மியா காட்டும். நீங்க அதை நம்பி இன்னும் உப்பு கொட்டுவீங்க.

ஏ.டி.சி. இருக்கே, வெப்பநிலையை அதுவே பாத்துக்கும்னு சொல்றவங்க டப்பாவைத் திருப்பிப் பாருங்க. பெரும்பாலும் 10-ல இருந்து 30 டிகிரி வரைக்கும்தான்னு போட்டிருக்கும். மே மாசம் மத்தியானம் சென்னையில நம்ம ரூம் எவ்ளோ? நான் இப்போ ராத்திரி ஏ.சி. போட்டு, மீட்டரும் சொட்டும் ஒரே சூட்டுக்கு வந்தப்புறம்தான் அளக்கறேன்.

கடல் ஆராய்ச்சிக்காரங்க இதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிட்டாங்க. கோபன்ஹேகன்ல இருந்து உப்பு அளவு தெரிஞ்ச கடல்தண்ணியைக் கண்ணாடிக்குள்ள அடைச்சு ஊர் ஊரா அனுப்பி, அதை வெச்சுதான் எல்லாரும் சரிபார்த்தாங்க. சுத்தத் தண்ணியை இல்ல, கடல்தண்ணியை!

நானும் ஸ்க்ரூவைத் திருகி கரைசலை 35-ல வெச்சேன். இப்போ ஆர்.ஓ. தண்ணி விட்டா ஜீரோவுக்குக் கீழ போய் எங்கயோ நிக்குது. நிக்கட்டுமே! ஜீரோவுல எவன் மீன் வளர்க்கறான்?

தொட்டித் தண்ணியை மூணு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா 35-க்குக் கொண்டு வந்தேன். அஞ்சாவது இறால் தனியாத்தான் வந்துச்சு, ரெண்டு மணி நேரம் சொட்டு சொட்டா தண்ணி மாத்தி விட்டேன். நேத்து சட்டை உரிச்சிருக்கு.

டிஸ்கி: கரைசல் பாட்டிலை இறுக்கி மூடுங்க. திறந்து வெச்சா தண்ணி ஆவியாகி அதுவும் பொய் சொல்ல ஆரம்பிச்சிரும். அப்புறம் கண்டக்டிவிட்டி மீட்டர் வெச்சிருக்கறவங்க இதே கரைசலை அதுக்கும் போட்டுட்டு என்னைத் திட்டாதீங்க. அதுக்குக் கணக்கு வேற, 25 டிகிரியில 53 மில்லிசீமன்ஸ் காட்டற கரைசல் வேணும்.